பழைய ஆட்ட முடிவுகளை வைச்சு அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துச் சம்பியனைக் கணிக்கலாமோ?

வட்டக்கச்சி_தரவு:

எல்லாருக்கும் வணக்கம். மார்ச் மாதம் நடக்கிற அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் கூடைப்பந்துச் சுற்றுப்போட்டியின்ர சம்பியனைப் பழைய முடிவுகளில இருந்து கணிக்க எக்செல்லில ஒரு கணக்குக் கட்டுறன். கிளிநொச்சியில உயர்தரம் எழுதின பிள்ளையளுக்கு நிகழ்தகவு பழக்கத்தான். கிரிக்கெட்டை விட்டிட்டு ஏன் இது எண்டால், ஒரு பருவத்திலயே 5,000 ஆட்டத்துக்கு மேல, தரவும் காசில்லாமல் கிடைக்குது.

கையில இருக்கிறது இவ்வளவுதான். சுற்றுப்போட்டி 64 அணியா மாறின 1985 இல இருந்து 2025 வரை சம்பியன் பட்டியல், சீட் எண்ணோட (சீட் எண்டது நாலு பிராந்தியத்திலயும் உள்ள 16 அணிக்கும் தெரிவுக் குழு பலத்தைப் பாத்துக் குடுக்கிற 1 முதல் 16 வரையான இடம்). 2020 கொரோனாவால நடக்கேல்ல, ஆக 40 சம்பியன். அதில 26 தரம் 1ஆம் சீட், 5 தரம் 2ஆம் சீட், 4 தரம் 3, 2 தரம் 4. பிறகு 6, 7, 8 ஒவ்வொருக்கா. 5ஆம் சீட் ஒருநாளும் வெல்லேல்ல.

எனக்கு இடிக்கிற இடம்: 1ஆம் சீட்டுக்கு 65 வீதம் எண்டு வருது, ஆனா ஒவ்வொரு வருசமும் நாலு 1ஆம் சீட் இருக்கு. அதில எதை எடுக்கிறது? இன்னும் எத்தினை வருசத் தரவு சேர்த்தால் துல்லியம் கூடும்? லப்டொப் 4 ஜிபி ரம், இணையம் ஃபோன் டேட்டாதான்.

கனகராயன்:

தம்பி, வருசத்தைக் கூட்டினாலும் அந்தப் பட்டியலால ஒண்டும் ஆகாது. அது அளக்கிறது சீட் குடுக்கிற குழு எவ்வளவு சரியாத் தீர்ப்புச் சொல்லுது எண்டதைத்தான். 65ஐ நாலாப் பிரிச்சால் ஒரு அணிக்கு 16 வீதமளவில. பட்டியல் அதோட முடிஞ்சுது. 5ஆம் சீட் வெல்லாததையும் விதி எண்டு எடுக்காதேங்கோ, 40 எண்டது அவ்வளவு சின்னத் தொகை.

அணியின்ர பேர் அதேதான், வருசத்துக்கு வருசம் ஆக்கள் வேற. முந்தி ஒரு கல்லூரியில இருந்து இன்னொண்டுக்கு மாறினால் பொதுவா ஒரு வருசம் வெளிய இருக்கோணும். 2021 இல முதல்தரம் மாறுறவைக்கு அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தவை. இப்ப பாதி அணி ஒரு கோடையிலயே மாறிப்போகும். போன காலபோகத்தில ஏக்கருக்கு எத்தினை மூடை எண்டு கேட்டு இந்த முறை விளைச்சலைச் சொல்லேலாது, இரணைமடுக் குளத்தில இப்ப தண்ணி எவ்வளவு நிக்குது எண்டுதான் பாக்கோணும். வேர்ஜினியா 2018 இல 16ஆம் சீட்டிட்டை 74-54 எண்டு தோத்தது. 1ஆம் சீட் அப்பிடித் தோத்தது அதுதான் முதல்தரம். அடுத்த வருசம் அதே வேர்ஜினியா சம்பியன்.

அப்ப வேண்டியது அந்தந்தப் பருவத்தின்ர ஆட்ட முடிவு, நவம்பரில இருந்து மார்ச் நடு வரைக்கும். எக்செல்லிலயே இப்பிடிச் செய்யலாம்:

முதல், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புள்ளி வித்தியாசம். சொந்த மைதானத்தில ஆடின அணியின்ர வித்தியாசத்தில 3 புள்ளி கழியுங்கோ, வெளிய ஆடினதுக்கு 3 கூட்டுங்கோ, பொது மைதானம் எண்டால் ஒண்டும் வேண்டாம். முதற்பிரிவில இல்லாத சின்னக் கல்லூரிகளோட ஆடின ஆட்டங்களை அடியோட எடுத்துவிடுங்கோ. அவைக்கு வேற ஆட்டம் இல்லாததால மதிப்புக் கணக்கு அந்தரத்தில நிக்கும்.

பிறகு அணியின்ர மதிப்பு = தன்ர சராசரி வித்தியாசம் + எதிரணிகளின்ர சராசரி மதிப்பு. முதல் ஓட்டத்தில எல்லாருக்கும் 0 வைச்சுத் தொடங்கி, வந்த மதிப்பைத் திருப்பி உள்ள போட்டு 20 தரம் ஓட்டினால் காணும், அதுக்குப் பிறகு இலக்கம் அசையாது. ஒவ்வொரு ஓட்டமும் சராசரியைக் கழிச்சு நடுவை 0 ஆக்குங்கோ, இல்லாட்டி எல்லா மதிப்பும் சேர்ந்து மேலயோ கீழயோ நகரும். 360 சொச்சம் அணிக்கு 4 ஜிபி தாராளம். டிசம்பருக்கு முன்னம் இதை ஓட்டிப் பாத்துப் பயப்பிடாதேங்கோ. மாநாடுகளுக்கு (தங்களுக்குள்ள ஆடுற கல்லூரிக் கூட்டங்களுக்கு) இடையில ஆட்டத் தொடுப்புக் காணாது, விசர் மதிப்பெல்லாம் வரும்.

இது முதற்படி மட்டும். வெறும் புள்ளி வித்தியாசத்தில ஒரு பிழை இருக்கு. வேகமா ஆடுற அணிக்கு வித்தியாசம் பெருத்துத் தெரியும், மெதுவா ஆடுறதுக்குச் சுருங்கித் தெரியும். அதனாலதான் கல்லூரிக் கூடைப்பந்துத் தரவரிசை கணிக்கிற கென் பொமரோய் மாதிரி ஆக்கள் 100 பொசெஷனுக்கு எத்தினை புள்ளி எண்டு கணிக்கினம். பொசெஷன் எண்டது பந்து ஒரு அணியிட்டை வந்து மற்றதிட்டைப் போகும் வரை. ஆட்டத் தரவில அது நேராக் கிடையாது, இப்பிடி மதிப்பிடலாம்:

கூடைக்கு எறிஞ்ச எண்ணிக்கை − தாக்குதல் ரிபவுண்ட் (தவறின தங்கட எறிகையைத் தாங்களே திருப்பி எடுத்தது) + பந்து பறிகொடுத்த எண்ணிக்கை + 0.475 × ஃபிரீ த்ரோ (எதிரணியின்ர தவறுக்குக் கிடைக்கிற தனி எறிகை)

இரண்டு அணிக்கும் தனித்தனியாப் போட்டுச் சராசரி எடுங்கோ. மேலதிக நேரத்துக்குப் போன ஆட்டங்களும் இதால தன்பாட்டில சரியாகும். தாக்குதல், தடுப்பு இரண்டுக்கும் முதல் சொன்ன அதே சுழற்சிதான்.

ஒரு உதாரணம். சராசரி அணி 100 பொசெஷனுக்கு 105 புள்ளி எண்டு வைப்பம். 'அ' அணி தாக்குதல் (எடுக்கிற புள்ளி) 122, தடுப்பு (எதிரணிக்கு விடுற புள்ளி) 93. 'ஆ' அணி தாக்குதல் 115, தடுப்பு 98. அ எடுக்கப்போறது 122 × 98 ÷ 105 = 113.9. ஆ எடுக்கப்போறது 115 × 93 ÷ 105 = 101.9. வித்தியாசம் 100 பொசெஷனுக்கு 12. ஆட்டத்துக்கு 68 பொசெஷன் எண்டால் 8.2 புள்ளி. ஒரு ஆட்டத்தின்ர முடிவு எதிர்பார்ப்பைச் சுத்தி ஊசலாடுற நியம விலகல் கிட்டத்தட்ட 11 புள்ளி. 8.2 ÷ 11 = 0.75, செவ்வன் பரவல் அட்டவணையில பாத்தால் 77 வீதம். அ வெல்ல 77, அவ்வளவுதான். உங்கட பிள்ளையள் செவ்வன் பரவல் படிச்சவைதானே, நல்லாப் பிடிக்கும்.

ஓமந்தைச்சந்தி:

கனகராயன் அண்ணை சொன்னது ஒரு ஆட்டத்துக்குச் சரி. சம்பியன் எண்டால் ஆறு ஆட்டம் தொடர்ந்து வெல்லோணும். நல்ல 1ஆம் சீட் ஒண்டுக்குச் சுற்று வாரியா 98, 87, 78, 68, 60, 55 வீதம் எண்டு தாராளமாப் போடுங்கோ. பெருக்கினால் 15 வீதம். ஒவ்வொரு ஆட்டமும் 80 எண்டாலும் 26 தான். ஆக உலகத்தில ஆர் கட்டின கணிப்பு மாதிரியா இருந்தாலும், அது முதலாவதாச் சொல்லுற அணி கூடுதலான வருசம் தோக்கும். பிள்ளையளுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கோ, இல்லாட்டி சேரின்ர கணக்குப் பிழை எண்டு சிரிப்பினம்.

63 ஆட்டத்தையும் சரியாச் சொல்லுற ஆசை இருந்தால் அதையும் விடலாம். வரக்கூடிய முடிவுகள் இரண்டின் 63ஆம் அடுக்கு, 9,223,372,036,854,775,808.

இன்னொரு விசயம், மெதுவா ஆடுற அணியைப் பற்றி. பொசெஷன் குறையக் குறையத் திறமை வெளிப்பட நேரமில்லை, அதிட்டத்துக்கு இடம் கூடும். இன்றுவரை வென்ற ஆகக் கீழ்ச் சீட் 1985 இன் வில்லனோவா, 8ஆம் சீட். இறுதியாட்டத்தில ஜோர்ஜ்டவுனை 66-64 எண்டு வென்றது. அந்தச் சுற்றுப்போட்டியில எறிகை மணிக்கூடு இல்லை, மூன்று புள்ளிக் கோடும் இல்லை; பந்தை வைச்சுக்கொண்டு நிக்கலாம். முழு ஆட்டத்திலயும் 28 தரம்தான் எறிஞ்சவை, 22 உள்ள போனது. 45 விநாடி மணிக்கூடு அடுத்த பருவம் வந்திட்டுது, மூன்று புள்ளிக் கோடு அதுக்கும் அடுத்த பருவம். மணிக்கூடு 1993 இல 35, 2015 இல 30 எண்டு குறைஞ்சது. 2019 இல கோட்டைப் பின்னுக்குத் தள்ளினவை. 1985 ஆட்டத்தையும் 2025 ஆட்டத்தையும் ஒரே கடகத்தில போட்டுக் கிளறுறதில அர்த்தமில்லை.

முத்தையன்கட்டு:

உங்கட இரண்டாவது கேள்விக்கு ஆரும் மறுமொழி சொல்லேல்ல. வருசத்தைக் கூட்டுறதால வாற நன்மை, "இவ்வளவு மதிப்பு வித்தியாசம் இருந்தால் எத்தினை வீதம் வெல்லும்" எண்ட தொடர்பைக் கற்க மட்டும்தான். அதுக்கு 2003 இல இருந்து காணும்; தரவுக் கணிப்புப் போட்டி நடத்துற காகில் தளத்தின்ர மார்ச் போட்டித் தரவில ரிபவுண்ட், பந்திழப்பு போன்ற விபரம் தொடங்கிறதும் அந்தப் பருவத்தில இருந்துதான். வெறும் புள்ளி மட்டும் எண்டால் 1985 வரை போகலாம். சுருக்கப்பட்ட கோப்பு, ஃபோன் டேட்டாவில இறக்கலாம். ஆனா பல நிறுவனங்களின்ர தரவரிசையை ஒண்டாச் சேர்த்த கோப்பு பெரிசு. முதல்ல அது வேண்டாம்.

நான் முக்கியமாச் சொல்ல வந்தது கசிவைப் பற்றி, அதாவது கணிக்க வேண்டிய விடை முன்னமே தரவுக்குள்ள கலந்துபோறது. இந்த வேலையில பத்துப் பேரில எட்டுப் பேர் விழுற கிடங்கு இதுதான்.

இணையத்தில பழைய பருவத்துக்கெண்டு கிடைக்கிற தரவரிசை அட்டவணை பொதுவாப் பருவம் முடிஞ்ச பிறகு வாற நிலை. சுற்றுப்போட்டியில ஆறு ஆட்டம் வென்ற சம்பியன் அந்த ஆறு வெற்றியாலயே மேல போயிருப்பான். அதைக் கொண்டுவந்து "சம்பியன் எப்பவும் தாக்குதல், தடுப்பு இரண்டிலயும் முதல் 20 க்குள்ள" எண்டு விதி சொல்லுறது, பரீட்சை முடிவைப் பாத்திட்டு வினாத்தாள் ஊகிச்ச மாதிரி. மாதிரி பழைய வருசங்களில அபாரமா இருக்கும், வாற மார்ச்சில கவிழும். காகில் கோப்பில நாள் எண் எண்டு ஒரு நிரல் இருக்கு. அணிகளை அறிவிக்கிற ஞாயிறு 132. 132 உம் அதுக்குக் கீழயும் மட்டும் எடுத்து மதிப்பைக் கணியுங்கோ, 134 இல இருந்து சுற்றுப்போட்டி. இறுதியாட்டம் 154.

இரண்டாவது கசிவு நுணுக்கமானது. ஒவ்வொரு ஆட்டத்தையும் அ-ஆ, ஆ-அ எண்டு இரண்டு வரியா எழுதுறது வழக்கம், இல்லாட்டி "முதல் நிரலில இருக்கிறவன் எப்பவும் வென்றவன்" எண்டு மாதிரி பாடமாக்கிப்போடும். பிறகு வரிகளைக் குலுக்கிப் பயிற்சி, சோதனை எண்டு பிரிச்சால் ஒரு ஆட்டத்தின்ர ஒரு பாதி பயிற்சியில, மறு பாதி சோதனையில. குலுக்க வேண்டாம். ஒரு முழுப் பருவத்தை வெளிய வைச்சு மற்றப் பருவங்களில பழக்கிச் சோதியுங்கோ, அப்பிடியே பருவம் பருவமா மாத்துங்கோ.

மாதிரி எண்டு பெரிசா ஒண்டும் வேண்டாம். மதிப்பு வித்தியாசம் ஒண்டை மட்டும் வைச்ச லொஜிஸ்டிக் ரிக்ரெஷன் (வித்தியாசத்தை வெல்லுற நிகழ்தகவா மாத்துற வளைகோடு), 'ராண்டம் ஃபொறஸ்ட்' போன்ற சிக்கலான முறைகளுக்குப் பெரிசாப் பின்னுக்கு நிக்காது. சீட் வித்தியாசத்தை இரண்டாவதாச் சேருங்கோ, குழுவுக்குத் தெரிஞ்ச சில விசயம் புள்ளியில தெரியாது. உதாரணத்துக்கு 2000 இல சின்சினாட்டி: அணியின்ர முக்கிய ஆட்டக்காரர் கென்யன் மார்ட்டின் மாநாட்டுச் சுற்றுப்போட்டியில கால் முறிஞ்சு வெளியேற, குழு அணியை 2ஆம் சீட்டுக்கு இறக்கினது. அதுவரைக்குமான முடிவுகளைப் பாத்த எந்தக் கணக்குக்கும் அது தெரியாது. அணி இரண்டாம் சுற்றிலயே போயிட்டுது.

அளக்கிறதுக்கு, எத்தினை ஆட்டம் சரி எண்டு எண்ணாதேங்கோ. 63 ஆட்டத்தில 72 வீதம் சரி எண்டால் அதின்ர நியம வழு 5.7 வீதம், ஒரு வருசத்தில 70 ஐயும் 75 ஐயும் பிரிச்சறிய ஏலாது. பிரியர் அளவு எடுங்கோ: (சொன்ன நிகழ்தகவு − நடந்தது) இன் வர்க்கம், சராசரி. எல்லாத்துக்கும் 0.5 போட்டால் 0.25 வரும், அதுக்குக் கீழ எவ்வளவு இறங்கிறீங்களோ அவ்வளவு நல்லம். 0.9 எண்டு சொல்லித் தோத்தால் 0.81 தண்டம், 0.7 எண்டால் 0.49. காகில் 2023 இல இதுக்கு மாறினது. முந்தி இருந்த மடக்கை அளவில 1.0 எண்டு எழுதி ஒரு ஆட்டம் பிழைச்சால் தண்டம் முடிவிலி.

ஓமந்தைச்சந்தி:

அக்கா, அதோட இதையும் சேர்க்கலாம்: 1ஆம் சீட் எதிர் 16ஆம் சீட் 2025 வரை 160 ஆட்டம், 158 வெற்றி. தோத்த இரண்டில ஒண்டு மேல சொன்ன வேர்ஜினியா, மற்றது 2023 இல பேர்டியூ. ஆகவே 98.75 க்கு மேல எழுதினால் அது உங்கட துணிச்சல், தரவு சொன்னதில்லை. 2ஆம் சீட் எதிர் 15 இல 160 க்கு 11 தோல்வி.

முத்தையன்கட்டு:

ஓம், சரி. தரவில இருக்கிற ஓட்டைகளையும் சொல்லிவிடுறன். 2020 இல சுற்றுப்போட்டி ஆட்டம் ஒண்டும் இல்லை, பருவ ஆட்டம் மட்டும் இருக்கும். 2021 இல ஒரேகன்-விசியு ஆட்டம் கொரோனாவால நடக்கேல்ல, ஒரேகன் ஆடாமலே அடுத்த சுற்று. பருவத்துக்கு 67 ஆட்டம் (பிரதான 63 உம், அதுக்கு முன்னம் கடைசி இடங்களுக்கு நடக்கிற 4 உம்) எண்டு கட்டின சூத்திரம் அந்த இடத்தில 66 ஐக் கண்டு முறியும். 2013 லூயிவில் பட்டத்தைப் பிறகு பறிச்சவை, ஆனா ஆட்டம் நடந்தது நடந்ததுதான், புள்ளியை வைச்சுக்கொள்ளுங்கோ. பேர்க் குழப்பம் இன்னும் கரைச்சல். மயாமி இரண்டு, ஒண்டு புளோரிடாவில, மற்றது ஒஹாயோவில. லொயோலா மூண்டு. பேரால பொருத்தாமல் அணி இலக்கத்தாலயே எல்லாத்தையும் பொருத்துங்கோ.

வட்டக்கச்சி_தரவு:

அண்ணை, அக்கா, எல்லாருக்கும் நன்றி. மதிப்புச் சுழற்சி ஓடுது, 14 தரத்தோட நிண்டிட்டுது. 2025 பருவத்தை 132ஆம் நாளோட வெட்டிப் போட்டுப் பாத்தன். 64 × 64 கட்டத்தில ஒவ்வொரு சோடிக்கும் நிகழ்தகவு இருக்கு. இனிச் சம்பியன் நிகழ்தகவுக்கு பத்தாயிரம் தரம் எழுந்தமானமா ஓட்ட எக்செல் மூச்சு வாங்குது. வேற வழி இருக்கோ? மற்றது, முதல் நாலு ஆட்டம் எண்டு செவ்வாய், புதனில நடக்கிறதை என்ன செய்யிறது?

கனகராயன்:

எழுந்தமான ஓட்டம் தேவையில்லை, நேராக் கணிக்கலாம். 64 வரி, 6 நிரல். ஒரு அணி ஒரு சுற்றை வெல்ல = அது அந்தச் சுற்றுக்கு வந்திருக்கிற நிகழ்தகவு × [எதிர்ப்பட இடமிருக்கிற ஒவ்வொரு அணிக்கும் (அது வந்திருக்கிற நிகழ்தகவு × அதை வெல்லுற நிகழ்தகவு) இன் கூட்டுத்தொகை]. எதிர்ப்படக்கூடிய அணிகள் முதல் சுற்றில 1, பிறகு 2, 4, 8, 16, 32. எக்செல்லின்ர பெருக்கிக் கூட்டுற சூத்திரம் ஒண்டு காணும்.

வரியை ஒழுங்கு வைக்கிறது முக்கியம். பிராந்தியத்துக்குள்ள சீட் வரிசை 1, 16, 8, 9, 5, 12, 4, 13, 6, 11, 3, 14, 7, 10, 2, 15. இப்பிடி வைச்சால்தான் எதிரணிக் கூட்டம் ஒரே தொகுதியா அடுத்தடுத்து வரும்.

முதல் நாலு ஆட்டத்துக்கு, காத்திருக்க ஏலுமெண்டால் காத்திருங்கோ. அங்கத்தைய ஞாயிறு பின்னேரம் 6 மணி அறிவிப்பு எங்களுக்குத் திங்கள் விடிய 3.30. அந்த நாலு ஆட்டமும் எங்கட வியாழன் காலைக்குள்ள முடிஞ்சிடும், முதல் சுற்று வியாழன் இரவு பத்து மணிக்குக் கிட்டத்தான் தொடங்கும். வியாழன் பகல் முழுக்க உங்களுக்கு இருக்கு. பொறுக்க ஏலாதெண்டால் அந்த இடத்துக்கு இரண்டு அணியின்ர வரியையும் வெல்லுற வீதப்படி கலந்து போடுங்கோ, முதற்சுற்றுக்கு அது சரியாவே வரும்.

வட்டக்கச்சி_தரவு:

போட்டன். முதல் சுற்று நிரல் கூட்டினால் 32, இரண்டாவது 16. மூன்றாவதில 8.4 வருது. இறுதி நிரல் 1.07. ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. இன்னொண்டு, பிள்ளையள் கேட்கினம், இதே கணக்கை எங்கட பக்கக் கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டியளுக்குப் போடலாமோ எண்டு.

ஓமந்தைச்சந்தி:

கரப்பந்துக்கு அப்பிடியே போடேலாது தம்பி. நொக் அவுட் எண்டால் பாதி அணி ஒரு ஆட்டத்தோட வீட்டை போயிடும், ஒரு ஆட்டத்தில என்ன மதிப்புக் கணிக்கிறது? ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம் எண்டது இங்க செல்லாது. மல்லாவி அணி முள்ளியவளை அணியோட ஒருக்காலும் ஆடேல்ல எண்டால் இரண்டையும் ஒப்பிடத் தொடுப்பும் இல்லை. பல சுற்றுப்போட்டி முடிவுகளை ஒரு வருசம் கொப்பியில எழுதிச் சேருங்கோ, வெற்றி தோல்வியை விட்டிட்டு செற் புள்ளிகளை. அதோட ஒவ்வொரு அணிக்கும் சராசரி அணியோட சமநிலையில முடிஞ்ச நாலைஞ்சு கற்பனை ஆட்டம் சேர்த்துக் கணியுங்கோ. அப்ப ஒரு ஆட்டம் மட்டும் ஆடி வென்றவன் உச்சியில போய் நிக்கமாட்டான்.

கனகராயன்:

8.4 க்குக் காரணம் உங்கட கட்டம் இல்லை, தொகுதிக் குறிப்பு. இரண்டு நிரல் சரியா வந்து மூன்றாவதில பிசகுதெண்டால், நாலு நாலு அணியாப் பிரிக்கிற இடத்தில சூத்திரத்தை இழுத்து நிரப்பேக்க ஒரு தொகுதியின்ர முகவரி நகர்ந்திருக்கு. ஒவ்வொரு 4 வரிக்கும் கூட்டுத்தொகை எடுத்துப் பாருங்கோ. அடுத்தடுத்த இரண்டு தொகுதியும் சேர்ந்து 1 வரோணும். வராத சோடியில முகவரியை நகராமல் பிடிக்கிற டொலர் குறி விடுபட்டிருக்கும். அதைத் திருத்தினால் இறுதி நிரலும் தன்பாட்டில 1 க்கு வரும்.

ஆனா கூட்டுத்தொகை பிடிக்காத பிழை ஒண்டு இருக்கு. நாலு பிராந்தியத்தில எது எதோட அரையிறுதியில மோதும் எண்டது வருசத்துக்கு வருசம் மாறும். போன வருச வரிசையிலயே கிழக்கு, மேற்கு எண்டு அடுக்கினால் எல்லா நிரலும் 32, 16, 8, 4, 2, 1 எண்டு அச்சொட்டா வரும், சம்பியன் வீதம் மட்டும் பிழைக்கும். திங்கள் விடிய அட்டவணை வந்த உடன அந்தச் சோடியை முதல் பாத்து, 32 வரித் தொகுதி இரண்டையும் அதுக்கேற்ற மாதிரி மாத்திப்போட்டுத் தொடங்குங்கோ.